வாசலில் நிற்கும் கொறடா

கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் ஜான்சன் ஐயா அவர்களே! டெல்லிக்குக் கோபத்தோடு புறப்பட்டுப் போய், தொண்டை கட்டித் திரும்பி வந்திருக்கும் ஒன்றியச் செயலாளர் மாணிக்கவேல் அண்ணன் அவர்களே! மேடையின் ஓரத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து அமர்ந்திருக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர் சுகாசினி அவர்களே! தறியை நிறுத்திவிட்டும், உலையை இறக்கிவிட்டும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சுகாசினியைப் பெற்ற அன்னம்மாள் அக்கா அவர்களே! உங்கள் அனைவரையும் தாமல் கிருஷ்ணவேணி தலை வணங்குகிறேன்.

இந்த ஐயம்பேட்டை மேடையில் இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? பாராட்டவா? பொன்னாடை போர்த்தவா? இல்லை. ஒரு முடிவு எடுக்கக் கூடியிருக்கிறோம். நாடாளுமன்றத்தில் நம் கட்சியின் கொறடா என்னும் பொறுப்பில் சுகாசினி நீடிக்கலாமா, கூடாதா? “ஊர் வேண்டாமென்றால் நாளைக்கே விட்டுவிடுகிறேன்” என்று அவரே சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற பெண் அவர். அதனால்தான் இந்த மேடையில் ஏறினேன்.

கோபம் எங்கே தொடங்கியது? இதே பேருந்து நிறுத்தத்தில், இதே இடத்தில் தொடங்கியது. ஏரிகளைச் சீரமைக்கும் மசோதா மீது விவாதம் நடந்த நாள். நம் சுகாசினி பேசப் போகிறார் என்று பெரிய திரை கட்டினோம். தாமலிலிருந்து டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கினோம். வாலாஜாபாத்திலிருந்து மேளம் வேறு வந்தது. திரையில் அவை தெரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், அவருடைய இருக்கையும் தெரிந்தது. அதில் அவரைக் காணோம்!

“இன்னாபா இது, சீட்டு காலியா கீது?” என்று ஒரு குரல். “நம்ம ஏரிய பத்தி பேச நாதி இல்லயா?” என்று இன்னொரு குரல். யாரோ போய்த் திரையை அணைத்தார்கள். மேளம் சத்தமில்லாமல் வண்டியில் ஏறியது.

யாரப்பா அங்கே, “நான் இல்ல” என்று சொல்வது? உன்னைக் கேட்கவே இல்லையே தம்பி!

திரையை அணைத்தீர்களே, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? அடுத்து எழுந்தவர் யார்? பிரவீனா. கடலோரத் தொகுதியிலிருந்து முதல்முறையாக வென்று வந்த நம் கட்சி உறுப்பினர். அவர் பேச்சின் நடுவிலே எந்த ஏரியின் பெயர் வந்தது தெரியுமா? தாமல் ஏரி! அதற்கு வரும் கால்வாய் தூர்ந்து கிடப்பதை, நேரில் வந்து பார்த்தவர் போல அவர் சொன்னார். கடலோரப் பெண்ணுக்குத் தாமல் கால்வாயைச் சொல்லிக் கொடுத்தது யார்? தனக்குக் கிடைத்த நேரத்தை அவருக்குத் தந்தது யார்? மேடை ஓரத்தில் தலை குனிந்து இருக்கிறாரே, அவர்தான். அவை முழுவதும் நம் ஏரியின் பெயரைக் கேட்டது. கேட்காத ஊர் இந்த ஒரு ஊர்தான்!

“தானே பேசியிருக்கலாமே, ஏன் விட்டுக்கொடுத்தார்?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கட்சி உறுப்பினர்களுக்கு அங்கே ஒரு தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, கொறடாவும் உண்டு. தலைவர் எழுந்தால் நாடே பார்க்கும். கொறடாவை யார் பார்க்கிறார்கள்? இன்று யார் பேசுவது, யாருக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பவர் கொறடா. ஓட்டெடுப்பு என்றால் எங்கே இருந்தாலும் ஆளைத் தேடிப் பிடித்து வந்து அமர்த்துகிறவர் கொறடா. அவரே இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் இந்த வேலையை யார் பார்ப்பது? நம் ராஜவீதித் திருப்பத்தில் தேர் திரும்பும்போது வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். குனிந்து சக்கரத்தடியில் கட்டை போடுகிறாரே ஒருவர், அவர் இல்லாவிட்டால் தேர் எங்கே போய் நிற்கும்? பக்கத்துக் கடைக்குள் போய் நிற்கும்!

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. சுகாசினியைப் பொறுப்பிலிருந்து விலகச் சொல்வதற்காக என்னையும் மாணிக்கவேல் அண்ணனையும் இந்த ஊர் டெல்லிக்கு அனுப்பியது. நாங்கள் போன நாள், அந்த மசோதா மீது ஓட்டெடுப்பு. பெரிய அணைகளுக்கு மட்டும்தான் பணம் என்று மசோதா சொன்னது. கிராமத்து ஏரிகளையும் சேர்க்க வேண்டும் என்று நம் கட்சி ஒரு திருத்தம் வைத்திருந்தது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மணி அடித்தது. மணி ஓய்ந்தால் கதவை மூடிவிடுவார்கள். அதன் பிறகு யார் வந்தாலும் ஓட்டு இல்லை.

நம் பெண் எங்கே? வாசலில்! வருகிறவர்களை எண்ணுகிறார், ஓடுகிறார், திரும்பி வருகிறார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒருவரை இழுத்து வந்தார், அவர் கையில் தயிர்சாதம் கூடக் காயவில்லை. இன்னும் ஒருவர் குறைகிறார். வயதில் மூத்தவர், சர்க்கரை இறங்கி ஏதோ ஓர் அறையில் படுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. மறுபடியும் ஓடினார் சுகாசினி. மணி ஓயப் போகிறது. கதவருகே காவலர்கள் வந்துவிட்டார்கள். என் கை மாணிக்கவேல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டது. அப்போது வந்தார், அந்தப் பெரியவரைத் தோளோடு அணைத்தபடி, மூச்சு வாங்க, வெறுங்காலோடு!

“இன்னாமா, செருப்ப காணோம்?” என்றார் அண்ணன் என் காதில். ஓடுவதற்குத் தடையாக இருந்ததென்று வழியிலேயே உதறிவிட்டு வந்திருக்கிறார். கதவு மூடியது. திருத்தம் வென்றது! எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் தெரியுமா? ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுகிற ஆட்களைவிடக் குறைவான ஓட்டில்! அண்ணன் எழுந்து கத்தினார் பாருங்கள், காவலர் வந்து வெளியே கூட்டிப்போனார். தொண்டை கட்டிய கதை அதுதான். மறுநாள் பத்திரிகைகளில் திருத்தம் வந்தது, தலைவர் படம் வந்தது. கொறடாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

இவ்வளவும் சொன்னாலும் ஒருவர் மனம் ஆறாது என்று எனக்குத் தெரியும். அன்னம்மாள் அக்கா, நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? “நாங்கோ வாசல்ல நின்ன காலம் போதும்மா. என் பொண்ணு நடுவுல குந்தணும்னுதான் ஊரே ஓட்டு போட்டுது. அவ இன்னாடான்னா அங்கயும் வாசல்ல நின்னுக்கினு இருக்கா.” அதற்கு மறுப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நாற்று நட்டு முடித்துவிட்டு, தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கூலிக்காக நீங்கள் நின்ற வாசல்கள் எங்கள் தாமல் வாசல்கள்தானே!

ஆனால் அக்கா, இந்த ஊர் முன்னால் ஒன்று சொல்கிறேன். அந்த வாசல் வேறு, இந்த வாசல் வேறு. அன்று நீங்கள் நின்றது, உள்ளேயிருந்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று. இன்று உங்கள் மகள் நிற்பது, எல்லாரையும் உள்ளே கூப்பிட! பட்டம் பெற்றவர் வருகிறார், பரம்பரைப் பணக்காரர் வருகிறார், பழுத்த அனுபவசாலி வருகிறார். அத்தனை பேரும் யாருடைய குரலுக்கு வருகிறார்கள்? அன்னம்மாள் மகளின் குரலுக்கு! அந்த வாசலில் அவர் நின்றதால்தான் நாளை எங்கள் கால்வாயில் மண்வெட்டி இறங்கும், மடை திறக்கும், உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே தண்ணீர் ஓடும். நான் நம்புகிறேன், நெஞ்சார நம்புகிறேன்!

இப்போது கேட்கிறேன். ஊரைக் கேட்பதற்கு முன்னால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் மகள் அங்கே நிற்கட்டுமா, வேண்டாமா?

கொஞ்சம் அமைதி. அக்கா எழுந்திருக்கிறார். தம்பி, அந்த மைக்கை இறக்கிக் கொடு.

“நிக்கட்டும்மா… நிக்கட்டும். ஆனா அவகிட்ட சொல்லு. எங்க ஓடுனாலும் சரி, இனிமே செருப்ப மட்டும் கழட்ட வேணாம்.”

கேட்டீர்களா! சுகாசினி, கண்ணைத் துடைத்துக்கொள். நாடாளுமன்றத்தில் நீ போடும் உத்தரவுக்கு எல்லாரும் கட்டுப்படுகிறார்கள். இன்று உனக்கே ஓர் உத்தரவு வந்துவிட்டது. மாணிக்கவேல் அண்ணன் கையைத் தூக்கிவிட்டார். அதோ தாமல் பக்கம், அதோ வாலாஜாபாத் பக்கம், எத்தனை கைகள்! எண்ண வேண்டியதில்லை ஜான்சன் ஐயா, மனசு நிறைந்துவிட்டது.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இடையிடையே கேள்வி கேட்டு என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தொடருக்கும் திரை கட்டுங்கள். அவர் இருக்கை காலியாக இருந்தால் அணைக்காதீர்கள், கை தட்டுங்கள். நம் பெண் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். வருகிறேன், வணக்கம்!