வெறும் கரைப்பானுக்கே தளர்ந்த தசை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் ஆய்வுக்கூட நண்பர்களே! இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னால் எங்கேயும் உட்கார முடியவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் நம் மருந்தியல் கூடத்தின் முதுநிலை உதவியாளர்! நம் எல்லோருக்கும் கொக்கி அக்கா! மூச்சுக்குழாய்த் தசையை வளையமாக நறுக்கி, இரண்டு கொக்கிகளில் மாட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட அவரைப்போல் யாருக்குக் கை வரும்? பட்டம் வாங்கிய நாங்கள் இழுத்துக் கிழிப்போம். "குடுங்க சார், அது தசை, சட்டைப் பொத்தான் இல்ல" என்று வாங்கிக்கொள்வார்.

ஆஸ்துமாவில் அந்தத் தசைதானே இறுகி மூச்சை அடைக்கிறது? அதை இறுகவைக்கும் நொதியைத் தடுத்தால் தளரும் என்பது என் கணக்கு. புது மருந்தை ஊற்றினேன். தளர்ந்தது! கட்டுரை எழுதினேன். கைதட்டல் வாங்கினேன்.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. மருந்து தண்ணீரில் கரையாது. ஒரு கரைப்பானில் கலந்துதான் ஊற்றினோம். அந்தக் கரைப்பானை மட்டும் தனியாக ஊற்றிப் பார்த்தேனா? இல்லை! அவசரம்! அக்கா பார்த்தார். வரைபடத்தை என் மேசையில் வைத்தார்.

"சார், வெறும் கரைப்பானுக்கே அதே அளவு தளருது. மருந்து ஒண்ணுமே பண்ணலையோ?"

"உங்க வேலை கொக்கி மாட்டுறது. அத மட்டும் பாருங்க."

ஆமாம் மகளே, உங்கள் அம்மாவிடம் நான் இப்படித்தான் பேசினேன்.

அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாரா? இல்லை! மேலும் ஆறு முறை செய்தார். ஆறு முறையும் அதே கோடு. வாராவாரம் கேட்டார்: "நோயாளிங்களுக்குக் குடுக்கப் போறீங்களாமே சார். மூச்சு முட்டும்போது இத நம்பி இருந்தாங்கன்னா?" போன திங்கட்கிழமையும் கேட்டார். வேலை இருக்கிறது என்று நழுவினேன். மறுநாள் காலை மாரடைப்பில் போய்விட்டார்.

அவரைப் புகழ எனக்கு என்ன யோக்கியதை? அவர் பணியைத் தொடர்வேன் என்று வெறும் வாயால் சொல்ல மாட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், நோயாளிகளிடம் செய்யவிருக்கும் சோதனையை நிறுத்துங்கள் என்றும், அக்காவின் அத்தனை வரைபடங்களையும் இணைத்து இன்று காலை கடிதங்கள் அனுப்பிவிட்டேன்.

இயக்குநர் அவர்களே, உங்களுக்கு இது இப்போதுதான் தெரிகிறது. மன்னியுங்கள். முதலில் உங்கள் அறைக்கு வந்திருந்தால் நீங்கள் என்னைப் பேசிச் சமாதானப்படுத்தியிருப்பீர்கள். நானும் சமாதானமாகியிருப்பேன்.