பெரிய வீட்டுப் பிள்ளை

— புல்லை அப்புறம் வெட்டலாம், தொக்பே அண்ணே. முதல்ல கையெழுத்தைப் போடு.

— மழை வரப்போகுது மல்சுனு. கல்லறையெல்லாம் காடா கிடக்கு, கேட்டியா.

— போன மாசம் கேட்டா மூட்டுவலி. நேத்து கேட்டா கண்ணாடி காணோம். சட்டமே வழி விட்டாச்சு, நீ விட மாட்டேங்குறியே!

— என்ன சொல்லுது உன் சட்டம்?

— எத்தனை வாட்டி சொல்றது? அந்த நாப்பத்தெட்டுக் கலவரத்துல இந்த ஜேஜுத் தீவுல பட்டாளம் கொன்னவங்களுக்குப் பிள்ளைங்க யாருன்னு இப்ப குடும்பப் பதிவுல திருத்தி எழுதிக்கலாம். நான் பொறக்கும் முன்னாடியே எங்கப்பாவைச் சுட்டாங்க. பெத்ததும் அம்மாவும் போயிட்டா. கம்யூனிஸ்ட், சிவப்பன் மகள்னு தெரிஞ்சா வாழ விடமாட்டாங்கன்னு அவரோட தம்பி, உங்கப்பா, என்னைத் தன் மகளா பதிஞ்சாரு. பெத்தவரைப் பெரியப்பான்னே சொல்லிக் கிழவியாயிட்டேன்ணே.

— இந்த மேட்டுக்குள்ள அவர் சட்டைதான் இருக்கு. உடம்பு கிடைக்கல.

— சட்டையானாலும் எங்கப்பா சட்டை!

— அப்ப நான் யாரு? மூத்தவரோட பெரிய வீட்டுக்கு வாரிசு வேணும்னு என்னைத் தூக்கி, செத்த உங்கப்பாவுக்கு மகனாக் கொடுத்தாங்க. அதனாலதானே என் கையெழுத்து வேணும் உனக்கு? விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து படையல் போடுறேன். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ‘சிவப்பன் மகன்’னு விரட்டினது என்னை. நீ டீச்சரம்மா ஆனே, கேட்டியா.

— அதை நினைச்சு நான் அழாத நாளா? படையலை நீயே போடு. ஆரஞ்சுத் தோட்டமும் உனக்கே. பேரு மட்டும் போதும் எனக்கு.

— தோட்டத்தைக் குப்பையில போடு! நான் நினைக்கிறது உன்னை வளத்தவரை. அதோ, அந்தச் சின்ன மேட்டுல படுத்திருக்காரே, அவரை. இருந்த ஒரே மகனைக் கொடுத்தாரு. இப்ப நீயும் போயிட்டா, பிள்ளையே இல்லாத மனுஷன் ஆயிடுவாரு.

— அய்யோ அண்ணே... அதை நான் யோசிக்கவே இல்ல.

— உன்னைத் தோள்ல தூக்கிட்டுக் கடலுக்குப் போவாரே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? முள்ளங்கி வச்சுச் சுருட்டின தோசையை ஊதி ஊதி ஊட்டுவாரு. சட்டையெல்லாம் கடல்பாசி வாசம். நீயும் கூட வந்திருக்கலாம்ல?

— தாத்தா விடல. பெரிய வீட்டுப் பிள்ளை பெரிய வீட்டுலதான் இருக்கணுமாம். கல்லுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு, நீங்க போறதைப் பாத்துட்டே இருப்பேன்.

— அப்ப நீயும் மனு கொடுண்ணே. அவருக்கே மகனாத் திரும்பிப் போயிடு.

— பேனாவைக் கொடு. உனக்குப் போட்டுத் தாரேன். எனக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

— ஏன்ணே அப்படிச் சொல்றே?

— அவர் செத்தன்னைக்குக்கூட ஊர் முன்னால ‘சித்தப்பா’ன்னுதான் அழுதேன், மல்சுனு. வா, அந்த மேட்டுக்குப் போவோம். நீ அவரை அப்பான்னு எப்படிக் கூப்பிடுவியோ, அப்படியே ஒருவாட்டி கூப்பிடு. உன் பின்னாடியே நானும் சொல்லிப் பாக்கறேன்.