லேபிளில் சொன்ன உயிர்கள்

எழுத்துப் பிழை எனக்கு ஆகவே ஆகாது. கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேஜை மேல் கிடக்கிறதே எங்கள் புரோபயாட்டிக் பொடி, அதன் லேபிளை எடுத்துப் பாருங்கள். ஒரு புள்ளி தப்பாக இருந்தால் நீங்கள் சொல்லும் தண்டனையை இப்போதே வாங்கிக்கொள்கிறேன்.

‘குடல் தோழன். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஐந்நூறு கோடி நல்ல உயிர்கள்.’ இதை எழுதியது நான்தான். கம்பெனியும் என்னுடையதுதான். முதலில் நூறு கோடி என்றுதான் இருந்தது. லேபிளில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கண்ணுக்கே தெரியாத ஜந்துக்களை யார் உட்கார்ந்து எண்ணப்போகிறார்கள்?

எண்ணுவதற்கு ஒருத்தர் இருந்தார். எங்கள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட லேப் மேடம். படித்தவர், கெட்டிக்காரர், சிரிக்கத் தெரியாதவர். ஒரு வெயில் காலத்தில் எங்கள் குளிர் அறையின் கம்ப்ரஸர் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆள் வந்து சேர்வதற்குள், மேடம் என் அறைக்கு வந்து நின்றார்.

“சார், ஒண்ணுகூட உயிரோட இல்ல.”

“எல்லாம் உள்ளதானே இருக்கு?”

“இருக்கு சார். செத்துப்போய் இருக்கு.”

“அப்போ எண்ணிக்கை குறையலையே?”

நான் கிண்டல் செய்வதாக அவர் நினைத்தார். இல்லை. லேபிளில் ‘உயிர்கள்’ என்றுதான் போட்டிருந்தேன். உயிரோடு இருக்கும் என்று எங்கே போட்டேன்? வாக்காளர் பட்டியலில்கூடத்தான் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பட்டியலைக் கிழித்தா போடுகிறோம்?

செத்த பொடி நன்றாகவே விற்றது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் போன் செய்து, வாலிப வயதிலிருந்து தன்னை வாட்டிய மலச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று தழுதழுத்தார். அந்த மனிதரிடம் போய் உண்மையைச் சொல்லி, மறுபடியும் அவருக்குக் கதவை அடைக்கச் சொல்கிறீர்களா?

அப்படியே போயிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்தச் சிரமம் வந்திருக்காது. இடையில் நுகர்வோர் சங்கம் ஒன்று மூக்கை நுழைத்தது. கடைகளில் விற்கும் புரோபயாட்டிக் பொடிகளை எல்லாம் வாங்கி, எதில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சோதித்துப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். உயிர்தானே வேண்டும், கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கம்பெனிக் கொட்டகைக்குப் பின்னால் பழைய கலவை மிச்சத்தோடு ஒரு பீப்பாய் மூடாமல் கிடந்தது. வெயில், மழை, பல்லி எதையும் அது பொருட்படுத்தவில்லை. நுரை தள்ளிக்கொண்டு, நல்ல சுறுசுறுப்பாக இருந்தது. குளிர் அறை வேண்டும் என்று அடம்பிடிக்காத உயிர். அதைத் தட்டுகளில் ஊற்றி உலர்த்தி, அரைத்து, பொடியில் கலக்கச் சொன்னேன்.

மேடம் மறுபடியும் வந்தார்.

“சார், இப்போ உயிர் இருக்கு. லேபிள்ல போட்டதவிட ஜாஸ்தியாவே இருக்கு.”

“பாத்தீங்களா?”

“ஆனா அது நம்மளுது இல்ல சார்.”

“வாசல் வரைக்கும் வந்தவங்கள நம்மவங்க இல்லன்னு எப்படிம்மா விரட்டுறது?”

“விளையாடாதீங்க சார். உடம்பு தேறாதவங்க வயித்துல இது போனா ரத்தத்துல ஏறிடும். ஆளையே கொண்டுபோயிடும்.”

அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். நான் மறைக்கவில்லை. அன்றோடு வேலையை விட்டுவிட்டார். வழியனுப்ப ஒரு கேக் வாங்கி வைத்தேன். அவர் வரவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

சங்கத்துக்காரர்கள் எத்தனை உயிர் என்றுதான் பார்த்தார்கள். என்ன உயிர் என்று பார்க்கவில்லை. நாங்கள்தான் முதலிடம். லேபிளைப் புதுப்பித்தேன்: ‘இப்போது முன்பைவிட அதிக உயிருடன்.’ என் வாழ்நாளில் அதைவிட நேர்மையான வரியை நான் எழுதியதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, புற்றுநோய் வார்டுக்கு எங்கள் பொடியைக் கேட்டது.

அந்தச் சரக்கு கிளம்பவேண்டிய அன்று காலை, தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை துவண்டுபோய்ப் படுத்திருந்தார். தங்கை கட்டில் ஓரம் நின்று தம்ளரில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புது லேபிளோடு ஒரு பெட்டி.

“நம்ம சரக்குதாண்ணா. உன்கிட்ட கேட்டா சும்மா குடுத்துடுவேன்னு கடையிலயே வாங்கிட்டேன்.”

தம்ளரை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். நேராகப் போய்க் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன்.

“என்னண்ணா ஆச்சு உனக்கு?”

“இது இவருக்கு உடம்புச் சூட்டைக் கிளப்பிடும்மா. ஒத்துக்காது.”

“ஏற்கெனவே ஒரு வாய் குடுத்திருந்தா?”

“குடுத்தியா?”

“இல்லண்ணா. இப்பதான் கலக்குறேன்.”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தம்ளரையும் கரண்டியையும் கொதிக்கிற தண்ணீரில் போடச் சொன்னேன். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன். நானும் கழுவிக்கொண்டேன். மாப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

கம்பெனியில் ஆஸ்பத்திரி வேன் காத்திருந்தது. ஏற்றச் சொன்னேன். தங்கை வீட்டுப் பெட்டியில் ஒரே ஒரு பொட்டலம்தான் பிரித்திருந்தது. மற்றவை வீணாகப் போவானேன் என்று அவற்றையும் வேனிலேயே வைத்து அனுப்பினேன்.

அந்த வார்டில் வரிசையாகக் காய்ச்சல் வந்ததும், படுக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியானதும் எனக்கும் வருத்தம்தான். ஆனால், ஜலதோஷத்துக்காக யாரும் அந்த வார்டில் போய்ப் படுப்பதில்லை என்பதையும் நீங்கள் யோசிக்கவேண்டும்.

ஆமாம், பீப்பாயில் இருந்ததைக் கலக்கச் சொன்னது நான். லேபிளை எழுதியது நான். வேனை அனுப்பியது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதனால் ஆட்கள் சாவார்கள் என்று தெரிந்தே செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தெரிந்தால் ஒருத்தரைச் சாக விடுகிற ஆள் நான் இல்லை. வேண்டுமானால் என் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.