அஞ்சு வருஷம் சார்

– நில்லு, அங்கயே நில்லு. கதவைத் தட்டினியா?

– தட்டினேனே சார்.

– அது தட்டலா? உள்ள தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. நேர்காணலுக்கு வர்றவங்க ரெண்டு தட்டு, ஒரு மூச்சு, அப்புறம்தான் கதவு. மூணாவது வகுப்புல சொன்னேனே.

– மூணாவது வகுப்புக்கு நான் வரல சார்.

– நாலாவதுக்கு?

– அன்னிக்கு மழை சார்.

– 'வேலைவாழ்க்கைத் திட்டமிடல்'. இந்தப் பல்கலைக்கழகத்துலயே பரீட்சை இல்லாத ஒரே பாடம். அதுக்கும் வராம, கடைசில சாயங்காலம் வந்து ஒத்திகை பாக்கணும்னு நிக்குற.

– நாளைக்குக் காலைல நேர்காணல் சார். அதான்...

– நாளைக்கா? எத்தனை மணிக்கு?

– ஒன்பதரை.

– ஒன்... சரி, சரி. உக்காரு. பாத்து. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம்.

– உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்.

– அதை நான் கேக்கணும்மா. நீ சொல்லணும்.

– ஓ... கேளுங்க சார்.

– அஞ்சு வருஷம் கழிச்சு உன்னை நீ எங்க பாக்குற?

– ஹிஹி...

– என்ன சிரிப்பு?

– ஒண்ணுமில்ல சார்.

– பரவால்ல, சொல்லு.

– உங்க பேரே அதான் சார். 'அஞ்சு வருஷம் சார்'. நான் ஹாஸ்டல்ல சேந்த அன்னிக்கே சீனியருங்க சொல்லிட்டாங்க.

– ம்... எனக்கு முன்னாடி இருந்தவருக்கு 'சொட்டை'ன்னு பேரு. அதுக்கு இது எவ்வளவோ மேல். சரி, எந்திரி. இந்தப் பக்கம் வந்து என் நாற்காலியில உக்காரு.

– நானா?

– கேக்குற எடத்துல உக்காந்து பாத்தாத்தான் பதில் சொல்றவன் படுற பாடு தெரியும். இது ஒரு பயிற்சி முறை.

– எந்த வகுப்புல வருது சார்?

– நீ வராத வகுப்புல வருது. இந்தா, மதிப்பெண் தாள். ஒவ்வொரு பதிலுக்கும் பத்துக்கு எத்தனைன்னு போடு.

– வெளிய போய்ட்டு வாங்க சார்.

– எதுக்கு?

– கதவைத் தட்டணும்ல?

– ...உனக்கு வாய் ஜாஸ்தி.

– ரெண்டு தட்டு, ஒரு மூச்சு சார்.

– ...வணக்கம். உள்ள வரலாமா?

– வாங்க, உக்காருங்க. ஐயையோ சார், அந்தக் காலு...

– அம்மா!

– அடிபட்டுச்சா சார்?

– இல்ல, இல்ல. நீ கேளு.

– பதற்றத்துல நிதானம்... மூணு.

– 'அம்மா'ன்னதுக்கா?

– சரி, நாலு. உங்க பலவீனம் என்ன?

– எதைச் செஞ்சாலும் துளி குறை இருக்கக் கூடாதுன்னு ஒரு பிடிவாதம்...

– சார், இப்படிச் சொன்னா முட்டைன்னு நீங்கதான் சொன்னீங்க.

– நீதான் வகுப்புக்கே வரலியே?

– அந்த ஒண்ணுக்கு வந்தேன் சார். கடைசி வரிசை.

– ம்... நெஜமான பலவீனமா? சாயங்காலம் யாராவது வந்து நின்னா, வராத வகுப்புக்கெல்லாம் திட்டுவேன். திட்டிட்டு, உக்கார வெச்சு முதல்லேந்து சொல்லிக் குடுப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போயி நான் திட்டு வாங்குவேன்.

– எட்டு. அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்குறீங்க?

– தெரியாதும்மா.

– தெரியாதா!

– பதினோரு மாசத்துக்கு மேல பாத்துப் பழக்கமில்ல. பதினோரு மாசம் ஒப்பந்தம், ஒரு மாசம் வீடு, மறுபடி பதினோரு மாசம். ஒன்பது வருஷமா இப்படித்தான். உங்களுக்கெல்லாம் அஞ்சு வருஷத்துக்குத் திட்டம் போடச் சொல்லிட்டு, நான் ஒரு செடி வாங்கி ஜன்னல்ல வெக்கக்கூட யோசிக்கிறேன். ஆனா ஒண்ணு... வேலை கெடச்சுருச்சுன்னு யாராவது ஓடி வந்து இந்தக் கதவை உடைக்கிற மாதிரி தட்டுவாங்க பாரு, அந்தத் தட்டலுக்கு நான் மார்க் குறைக்கிறதில்ல. அது அஞ்சு வருஷம் கழிச்சும் என் காதுல விழணும். இங்க உக்காந்து கேக்கணும். அவ்வளவுதான். என்னம்மா, எழுதாம பாத்துக்கிட்டே இருக்க. எத்தனை?

– அலமாரியில புதுச் சட்டை தொங்குது சார். விலைச் சீட்டுகூட இன்னும் பிரிக்கல.

– அது... சும்மா...

– நாளைக்கு உங்களுக்கும் நேர்காணல்தானே சார்?

– ...ஆமா. என் வேலையவே நிரந்தரம் ஆக்குறாங்க. அதுக்கு நானும் மனு போட்டிருக்கேன், இன்னும் பதினேழு பேரோட. ஒன்பதரைக்கு நான்தான் முதல் ஆளு. தப்பா நெனச்சுக்காதம்மா, உன் ஒத்திகையில பாதிய நான் சுருட்டிக்கிட்டேன். வா, இப்ப உன்னோடது. எந்தக் கம்பெனி?

– கம்பெனி இல்ல சார். இதே கட்டடம்தான். மேல் மாடி.

– மேல் மாடியா? அங்க என் வேலைக்கான நேர்காணல் மட்டும்தானே...

– தேர்வுக் குழுவுல மாணவர் ஒருத்தரும் உக்காரணும்னு இந்த வருஷம் புது விதி சார். எனக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்ல, அதான் உங்ககிட்ட வந்தேன். அஞ்சு வருஷக் கேள்விய நாளைக்கும் நான்தான் கேப்பேன்... பதில மட்டும் மாத்திடாதீங்க சார்.