தரையில் இருந்த ஃபைல்

சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் இளம் டாக்டரும் அவள் அப்பாவும். மேல்படிப்பு இண்டர்வியூ முடிந்து திரும்புகிறார்கள் போல. மல்லூர் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"என்ற ஃபைலைத் தரையில வெச்சிருந்தாங்கப்பா."

"தரையிலயா? ஏஞ்சாமி?"

"கவர்மெண்டு காலேஜுல படிச்சவங்க ஃபைலெல்லாம் மேசை மேல. என்னையாட்டம் கர்நாடகாவுல நன்கொடை கட்டிப் படிச்சவங்களுது கீழ."

"என்ன கேட்டாங்க?"

"எந்தக் காலேஜுன்னு கேட்டாங்க, அதோட சரி. நான் பாத்த பிரசவத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க."

"நீ பேசாம வந்துட்டியாக்கும்?"

"குனிஞ்சு என்ற ஃபைலை எடுத்து மேசை மேல வெச்சேன். 'மொதல்ல படிச்சுப் பாருங்க, அப்பறம் கீழ போடுங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"சீட்டு கெடைக்காது சாமி."

"கெடைக்காதுங்க. அடுத்த வருசமும் போவேன். கீழ வெச்சா மறுக்காவும் எடுத்து மேல வெப்பேன்."

காலடியில் கிடந்த அவளுடைய சர்டிபிகேட் பையை அவர் எடுத்தார். தூசியைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டார்.