அந்தக் கெழவன் எங்கேன்னு கேக்குறீங்க

இல்லம்மா, அந்த ரூம்லயும் யாரும் இல்ல. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாச்சு, பீரோவத் திறந்தாச்சு, குளிக்கிற எடத்துலயும் லைட்டப் போட்டுப் பாத்தாச்சு. இந்த வீட்ல இருக்கிறது உள்ள உக்காந்திருக்கிற என் வீட்டுக்காரியும், இங்க நிக்கிற நானும்தான். மூணாவதா ஒரு கெழவன ஒளிச்சு வைக்க இங்க எடம் ஏதும்மா?

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க போன மேசைமேல கவுத்து வெச்சிருக்கீங்களே, நான் பேசுறது அதுல பதிவாகுதா? சரி, இல்லைன்னா இல்ல. சும்மா கேட்டேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். வயசானவங்களப் பாத்துக்கிற ஆஃபீசு. ஒரு கெழவன் தொந்தரவு பண்றான், வெளிய விடாம பூட்டி வைக்கிறான்னு உங்களுக்கு போன் வந்திருக்கு. இன்னிக்கு நீங்க பாத்துட்டுப் போயி என்ன சொல்றீங்களோ, அத வெச்சுத்தான் அவள எங்கிட்டயே விடுறதா, உங்க விடுதிக்குக் கூட்டிட்டுப் போறதான்னு முடிவாகும். அதானே? வாயத் திறந்தே சொல்லலாம்மா, நான் கத்துற ஆளு இல்ல.

போன் பண்ணது யாருன்னு நான் கேக்கல. சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு சட்டம் இருக்கும். கேக்கவே இல்ல பாருங்க.

கதவச் சாத்திட்டு அவகூட பேசினீங்க. சிரிப்புச் சத்தமெல்லாம் வந்துச்சு. மாமியார் உங்கள எப்படி நடத்துறாங்கன்னு விசாரிச்சிருப்பா. கண்ணுக்குக் கீழ என்னடி இவ்வளவு கருப்பு, தூங்குறதில்லையான்னு கேட்டிருப்பா. கேட்டாளா? பாத்தீங்களா. வெளிய வந்ததும் என்ன ஒரு பார்வை பாத்தீங்க. இந்தம்மா நல்லாத்தானே இருக்காங்க, இந்த ஆளு எதுக்கு ஞாபக மறதி வியாதின்னு கதை விடுறான். அதான் உங்க மனசுல ஓடுது.

உங்களக் குத்தம் சொல்லல. நீங்க பாத்து வளந்ததெல்லாம் எங்க சரக்குதான். சீரியலுக்கு மேக்கப் போட்டவன்மா நான். ஞாபகம் போன ஆளுன்னா பாக்க எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணதே என்ன மாதிரி ஆளுங்கதான். கண்ணுக்குக் கீழ லேசா கருப்பு தேய்ப்போம். உதட்டுக்கு வெளுப்பு. முடியக் கலைச்சு நெத்தியில விடுவோம். சின்ன வயசுன்னா தலையில ஒரு கட்டு, அதுல ஒரு சொட்டு செவப்பு. டைரக்டர் வந்து, சும்மா சுவத்தையே பாருங்கம்மாம்பாரு. அவ்வளவுதான், ஞாபகம் போயிருச்சு.

திரும்பி வர்றது அதவிட சுலபம். மாடிப்படியில இன்னொரு தடவ உருண்டா போதும். இல்லைன்னா மகன் வந்து பழைய பாட்டு ஒண்ண முணுமுணுக்கணும். அம்மா கண்ணுல தண்ணி கொட்டும், கிளிசரின் நாந்தான் விடுவேன். அம்மாவா நடிச்ச ஒருத்தங்க, மக பிரசவத்துக்கு வெளிநாடு போகணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. சரின்னு அவங்க பாத்திரத்துக்கு ஞாபகத்த அழிச்சு, காணாமப் போக வெச்சோம். பேத்திக்குப் பல்லு மொளைச்சதும் திரும்பி வந்தாங்க, ஞாபகமும் கூடவே வந்துருச்சு. சிரிக்கிறீங்க. நாங்களும் அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம்.

ஆனா எங்க கதையில மறந்து போனவங்க எல்லாம் கைக்குழந்த மாதிரி. யாரையும் சந்தேகப்பட மாட்டாங்க. இவ அப்படி இல்லம்மா. மோதிரத்தக் கழட்டி மாவு டப்பாவுல போட்டு மூடிட்டு, எவன் எடுத்தான்னு வீட்டையே ரெண்டாக்குவா. தண்ணி குடுத்தா, மொதல்ல நீ குடிச்சுக் காட்டுங்குறா. அதே ஆளு, வெளியாளு யாராச்சும் வந்துட்டா தலையச் சீவிட்டு வந்து மகாராணி மாதிரி உக்காந்து பேசுவா. அவ தம்பி, என் மச்சினன், வந்திருந்தான். முழங்கால் வலி எப்படிடா இருக்குன்னு அவ்வளவு பிரியமா கேட்டா. போகும்போது அவன் என்னத் தனியா இழுத்துட்டுப் போயி, மாமா, அக்கா தெளிவாத்தான் இருக்கா, நீங்கதான் எதையோ மறைக்கிறீங்கன்னுட்டான். அவன் வண்டி தெருமுனை கூடத் திரும்பல, அந்த ஆளு யாரு, நல்லா பேசுறாரேங்குறா. நான் யாரப் போயி நம்ப வைக்கிறது?

பூட்டா? ஆமா, நான்தான் போட்டேன். அவ கைக்கு எட்டாத உசரத்துல. மறைக்கல. வெளிய போனா வண்டி வருதா போகுதான்னு பாக்க மாட்டா. புருசனத் தேடிட்டுப் போறேம்பா.

புருசனத்தான். நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னையே தேடிட்டுப் போவா.

நீங்களும் வந்ததுலேருந்து என் மீசையவே பாக்குறீங்க. நல்லாப் பாருங்க, ஒட்டு மீசைதான். முடிக்கு மை. கன்னத்துல நிழல் போட்டிருக்கேன், கழுத்துக்கும் போட்டிருக்கேன், கழுத்துதான் வயசக் காட்டிக்குடுக்கும். இந்த வயசுல இது என்ன கோமாளித்தனம்னு நினைச்சிருப்பீங்க. எதையோ மறைக்க வேசம் போட்டிருக்கான்னும் நினைச்சிருப்பீங்க.

எல்லாம் அந்த சீரியல் புத்திம்மா. கல்யாண போட்டோவக் காட்டினா ஞாபகம் வந்துரும்னு நாங்கதானே ஊருக்கே காட்டினோம். வீட்லயும் காட்டினேன். தடவித் தடவிப் பாத்தா. இவருதான் என் வீட்டுக்காரர்னா. எனக்கு உசுரே வந்துருச்சு. நான்தான் அதுன்னேன். ஏற எறங்கப் பாத்துட்டு, பெரியவரே, வயசுக்குத் தகுந்த மாதிரி பேசுங்கன்னுட்டா.

போட்டோ பத்தலைன்னா ஆளையே கொண்டு வருவோம்னு தோணுச்சு. பரண்லேருந்து மேக்கப் பெட்டிய எறக்கி, கண்ணாடி முன்னால உக்காந்து, போட்டோவுல இருந்த அந்தப் பையன என் மூஞ்சியில வரைஞ்சேன். எத்தனையோ பேரக் கெழவனாக்கின கை. திருப்பிப் போடுறதுக்குத்தான் ரொம்ப நேரம் புடிச்சுது.

வெளிய போயி, கதவத் தட்டிட்டு உள்ள வந்தேன். ஓடி வந்தாம்மா. ஏங்க இவ்வளவு லேட்டுன்னு சட்டையப் புடிச்சுக்கிட்டா. ஷூட்டிங் இழுத்துருச்சுன்னேன். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அப்புறம் என்ன ஓரமா கூட்டிட்டுப் போயி, காதுகிட்ட வந்து சொல்றா, நீங்க இல்லாதப்ப ஒரு கெழவன் வர்றான்ங்க. சாவிய ஒளிச்சு வைக்கிறான். குளி குளின்னு மெரட்டுறான். என் கட்டில்லயே வந்து படுக்குறான். எனக்கு பயமா இருக்குங்க.

கட்டிலுக்கு அடியில நீங்க தேடினது அவனத்தான். நான் மூஞ்சியக் கழுவினா வந்துருவான். ராத்திரி தூக்கத்துல மை தலகாணியில போயிருது, மீசை எங்கயோ போயிருது. காலையில அவ கண்ணு முழிச்சா பக்கத்துல அவன் கெடக்குறான். அலறாம என்ன பண்ணுவா?

போன் பண்ணது யாருன்னு நான் கேக்கலேன்னேன்ல. கேக்க வேண்டியதில்லம்மா. பேசினது அவ. நம்பரப் போட்டது நான். நீங்க ஒரு ஆம்பளை, பாத்துட்டு சும்மா இருக்கீங்களே, யாருகிட்டயாச்சும் சொல்லுங்கன்னு தேம்பித் தேம்பி அழுதா. பொண்டாட்டி பயந்து போயி கேக்குறா, முடியாதுன்னா சொல்லுவேன்? போன அவ காதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டேன். அந்தக் கெழவனப் பத்தி ஒண்ணு விடாம சொன்னா. பொய்யில்ல, எல்லாம் அவன் பண்றதுதான்.

கெளம்புறீங்களா? இருங்க, பூட்டத் திறக்கிறேன். கூட்டிட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல, அத நீங்க ஆஃபீஸ்ல போயி பேசுங்க. இப்போதைக்கு உள்ள ஒரு எட்டு போயிட்டு வாங்க. அந்தக் கெழவனப் புடிச்சாச்சும்மா, இனிமே வரமாட்டான்னு நீங்களே சொல்லிருங்க. ஆஃபீசர் சொன்னா நம்புவா. நான் பின்னாலயே வர்றேன், மீசை மட்டும் நேரா இருக்கான்னு பாருங்க.