கோவாப் பாத்தியில் கொழுந்து

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் தோட்டக்கலைப் பயிற்சி வகுப்பில் கொடுத்த புதுத் தொப்பி. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் என் தூக்கம் கலைந்தது.

“ஒரு பாத்தி கோவா முழுக்கத் தலையக் கிள்ளிட்டேன் புள்ள.” முட்டைக்கோஸைத்தான் கோவா என்றார்.

இளையவர் திரும்பினார். “ஏங்க்கா?”

“களை புடுங்கத்தான் சொன்னாங்க. நான் பேசிக்கிட்டே போனேன். தேயிலையில எடுக்கிற மாதிரியே கை பாட்டுக்குக் கொழுந்து எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.”

“நடுக்குருத்து போனா கோவா உருளாதே!”

“மிஸ்ஸும் அதத்தான் சொன்னாங்க. சம்பளம் இல்லாம வந்து சொல்லிக் குடுக்குற புள்ள. கண்ணு கலங்கிருச்சு.”

“கிள்ளுனத என்னா செஞ்சீங்க?”

“முதுகுக்குப் பின்னால போட்டிருக்கேன். கூடை இல்லங்கிற ஞாபகமே இல்ல. மிஸ்ஸு பின்னாலதான் நின்னிருக்காங்க. முடியெல்லாம் கோவா எல.”

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காத. கொழுந்து வேலையையும் விட்டாச்சு. இதுலயும் வேணாம்னுட்டா நான் எங்க போறது?”

“திரும்ப வரச் சொன்னாங்களா, இல்லையா?”

“சொன்னாங்க. அடுத்த கிழமை வகுப்புக்குக் கொழுந்துக் கூடையக் கட்டிக்கிட்டு வரணுமாம்.”

“அப்ப கட்டிக்கிட்டுப் போங்க. அதுல என்னா?”

மூத்தவர் தொப்பியை இன்னொரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

“வேலைய விட்ட அன்னைக்கே அத அடுப்புல வச்சு எரிச்சுட்டேன் புள்ள.”